ஆஸ்பத்திரிக்கு மீண்டும் வருக

கோவையில் ஒரு குரு இருக்கிறார். காவி கிடையாது, தாடி கிடையாது. பெயர் பூங்கோதை, வயது முப்பத்து நான்கு. மருத்துவமனைகள் ஊரோடு பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்துகிறார்.

சிஷ்யர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பத்திரிகையில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். அந்தப் பத்திரிகையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. பூங்கோதைதான், "கொஞ்ச நாள் பார்க்கலாமுங்க சார்" என்று எடுத்தார்.

இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். யார் குரு, யார் சிஷ்யர் என்று வெளியாள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எலும்பு முறிவு மருத்துவமனை ஒன்றுக்காக, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அனுப்ப நாச்சிமுத்து ஒரு குறுஞ்செய்தி எழுதினார்.

"தங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக!"

நல்ல தமிழ்தான். ஊர் எல்லைப் பலகையிலும் மிட்டாய்க் கடை வாசலிலும் இதைப் படித்து யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மயிலாத்தாள் என்ற அம்மாள் கோபித்துக்கொண்டார். வலது கால் முறிந்து, கம்பி வைத்து, அன்றுதான் வீட்டுக்குப் போயிருந்தார். மருத்துவமனையின் வாட்ஸப் எண்ணுக்குக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார்.

"ஏனுங்க, இன்னும் இடது காலு ஒண்ணு மிச்சமிருக்குது. அதையும் ஒடிச்சுக்கிட்டு வரோணுமாக்கும்? வெளங்குவீங்களா நீங்க?"

அந்தப் பதிவு எப்படியோ வெளியே கசிந்தது. மதியத்துக்குள் கோவையே கேட்டுச் சிரித்தது.

மருத்துவமனை நிர்வாகி சிரிக்கவில்லை. பூங்கோதையை போனில் பிடித்தார்.

"எழுதுன ஆளு நாளைக்கு உங்க ஆபீஸ்ல இருக்கக் கூடாது" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே நின்ற நாச்சிமுத்துவுக்கும் அது கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று பூங்கோதை போனை வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க சார்."

"நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடட்டுங்களா?"

பூங்கோதை எழுந்தார். கதவைத் திறந்து மற்ற இருவரையும் கூப்பிட்டார். படங்களையும் விளம்பரங்களையும் வடிவமைக்கும் ரெஜினா வந்தாள். செய்திகளை அனுப்பிவைக்கும் அஸ்லம் வந்தான்.

"சார் எழுதுன மெசேஜை அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சோம். படிக்கறப்போ யாருக்கெல்லாம் உறுத்துச்சு? கை தூக்குங்க."

யாரும் அசையவில்லை.

"திட்ட மாட்டேன்."

ரெஜினாவின் கை பாதி உயர்ந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து கெளம்பறப்போ எங்க வீட்ல போயிட்டு வர்றோம்னு சொல்லவே மாட்டாங்க மேடம். வாயைத் தெறக்காம ஆட்டோல ஏறிடுவோம். அதனால இதைப் படிச்சதும் திக்குன்னு இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சார் எத்தனை வருஷமா எழுதறவரு! அவருக்குப் போய் நான் தமிழ் சொல்லிக்குடுக்கறதா?"

அஸ்லமும் கையைத் தூக்கினான்.

"நான் ரெஜினாகிட்ட சொன்னேன் மேடம். டீக்கடையில ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

"சார்கிட்ட என்ன சொன்னே?"

அஸ்லம் தரையைப் பார்த்தான். "சூப்பருங்க சார்னு சொன்னேன்."

அந்த சூப்பர் நாச்சிமுத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு மனைவியிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாவதாக ஒரு கை உயர்ந்தது. அது பூங்கோதையின் கை.

"எனக்கும் உறுத்துச்சுங்க சார். வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அன்னைக்குத்தான் நீங்க சிரிச்ச முகமா இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் பாதி இறங்கியது. ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுக்கிற ஆபீஸில் நான்கு பேர். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ரெஜினாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. இடது காலை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் பூங்கோதை நிர்வாகியை போனில் அழைத்தார்.

"சார், அந்த மெசேஜ்ல தப்பு இருக்கறது இங்க மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே அனுப்பிட்டோம். எழுதுனவர் ஒருத்தருக்குத்தான் தெரியல. இப்போ யாரை வேலையை விட்டு அனுப்பறது, சொல்லுங்க."



"என்னமோ பண்ணுங்க" என்றார் நிர்வாகி. "உங்க ஆளு, உங்க பாடு. சாயங்காலத்துக்குள்ள அத்தனை பேருக்கும் மன்னிப்பு போயாகணும்."

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். மன்னிப்பை எழுத நாச்சிமுத்துதான் உட்கார்ந்தார். எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நிர்வாகி விட்டுவிட்டார், சரி. மேடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், நாளைக்கு நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

பூங்கோதை தாளை வாங்கி, சத்தமாகப் படித்தார்.

"எங்கள் செய்தியால் தங்கள் மனம் புண்பட்டிருக்குமாயின் வருந்துகிறோம்."

நிமிர்ந்து பார்த்தார்.

"புண்பட்டிருக்குமாயின்னா என்னங்க சார்? அந்தம்மா மனசு புண்பட்டது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

பூங்கோதை தாளைத் திருப்பி நீட்டினார்.

"அப்போ இது நல்லா இல்லீங்க சார். வேற எழுதிட்டு வாங்க."

நாச்சிமுத்து அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.