முயல் தூக்கி எறிந்த இலைகள்

நைரோபி நகரின் ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடியது. அதன் கரையில் தகரக் குடிசைகள் நெருக்கியடித்து நின்றன. அந்தக் குடிசைகளுக்குப் பின்னால் நெகேசா என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

அங்கே பயிர் வைக்க ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. அதனால் நெகேசா பழைய சாக்குகளில் மண்ணை நிரப்பி நிறுத்தியது. பக்கமெல்லாம் துளை போட்டு, துளைக்கு ஒரு கீரை நாற்று நட்டது. ஒரு சாக்கில் நாற்பது செடி!

விடிந்ததும் வஞ்சாலா என்ற குரங்கு வரும். மேட்டுத் தெருப் பங்களாக்களில் வாழும் குரங்குகளுக்குக் கீரை கொண்டுபோவது அதன் தொழில்.

"அக்கா, ஓட்டை விழுந்த இலை ஒன்றுகூட வேண்டாம். மேட்டுத் தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்!"

நெகேசா நல்ல இலைகளாகப் பார்த்துக் கட்டிக் கொடுக்கும். புழு கடித்ததையும் கிழிந்ததையும் பின்பக்கம் எறிந்துவிடும். பதிலுக்கு வஞ்சாலா ஒரு பெரிய மக்காச்சோளக் களி உருண்டை தரும். குட்டிகள் அதைத் தின்றுவிட்டுப் பானை வயிற்றோடு படுத்துக்கொள்ளும். என் பிள்ளைகள் பசி என்று அழுததே இல்லை என்று நெகேசாவுக்குப் பெருமை.

ஆனால் கடைக்குட்டி சிமியு இன்னும் தாவவே தொடங்கவில்லை. அதன் கால்கள் ஈர்க்குச்சி போல இருந்தன. மழைக்காலம் வந்தால் கால்வாய் பொங்கும். எல்லாரும் ரயில் பாதை மேட்டுக்குத் தாவி ஏற வேண்டும். வெள்ளத்தில் தாவத் தெரியாத குட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு தாய் எப்படி ஏறுவாள்?

"இன்னும் ஒரு வாய் களி தின்னுடா கண்ணா!" என்று நெகேசா ஊட்டியது. சிமியுவின் வயிறுதான் பெருத்தது.

ஒரு காலையில் கெமுன்டோ என்ற எலி வந்தது. அதன் பின்னால் ஐந்து எலிக்குஞ்சுகள் பந்து போலத் துள்ளின.

"நெகேசா அக்கா, நன்றி சொல்ல வந்தேன்."

"எனக்கா? நான் உனக்கு என்ன கொடுத்தேன்?"

"தினமும் சாப்பாடு கொடுத்தீர்களே! நீங்கள் பின்பக்கம் எறிகிற இலைகளைத்தான் கழுவி இவர்களுக்குக் கொடுத்தேன். போன மாதம் எழுந்து நிற்கவே திணறினார்கள். இப்போது பாருங்கள், பிடித்து நிறுத்த முடியவில்லை!"

நெகேசா தன் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. "கெமுன்டோ, என் பிள்ளைகள் கீரையே தின்றதில்லை. கீரை விற்கிற சரக்கு. வீட்டுக்குக் களிதான்."

"கீரை தின்னாத முயலை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!" என்று சிரித்தது எலி. சிமியுவின் கால்களைக் கண்டதும் அதன் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் வஞ்சாலா வந்தது.

"என்ன அக்கா, பாதிக் கட்டுதான் இருக்கிறது?"

"மீதி வீட்டுக்கு."

"அப்படியானால் களியும் பாதிதான்! மேட்டுத் தெருவில் என் பேர் கெட்டுவிடும், தெரியுமா?"

"என் பிள்ளைக்குக் கால் கெட்டுக் கிடக்கிறது, தம்பி. உன் பேர் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்!"

அன்று முதல் களி குறைந்தது, கீரை சேர்ந்தது. "உவ்வே, கசக்குது!" என்று குட்டிகள் முகம் திருப்பின. நெகேசா விடவில்லை. கெமுன்டோ சந்தையில் சிந்திய காராமணியைப் பொறுக்கி வந்து, "இது என் முறை, அக்கா!" என்று வைத்துவிட்டுப் போனது.

அந்த ஆண்டு மழை தாமதமாக வந்தது. வந்தபோது கொட்டித் தீர்த்தது. கால்வாய் பொங்கியது. நெகேசா சிமியுவைக் கவ்வப் போனது.

"விடு அம்மா, நானே வருகிறேன்!"

சிமியு தாவியது. சேற்றில் வழுக்கியது. மறுபடி தாவியது. அண்ணன்களுக்குப் பின்னால், மூச்சு வாங்க, ரயில் பாதை மேட்டில் ஏறி நின்றது.

நெகேசா நனைந்தபடியே கெமுன்டோவைத் தேடிப் போனது. "அன்றைக்கு நீ மட்டும் வந்து சொல்லாமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கியது.

"வந்தேனே, அக்கா!" என்றது எலி.

நம் கையால் விளைந்த நல்லதை முதலில் நம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். பிறரிடம் பெற்ற நன்மையை வாய் திறந்து சொல்லவும் வேண்டும்.