ஜீப்புக்குச் சேறு போட்ட மாப்பிள்ளை

போடிக்கு மேலே, மலைவளைவில், கோணமொட்டை என்று ஓர் ஊர். கடவுள் புத்தி வழங்க வந்த அன்று ஊரே கறிவிருந்துக்குப் போயிருந்ததாம். தங்கமான ஆட்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அதுதான் வம்பு.

அந்த ஊர்ப் பொன்னாங்கனுக்குக் கல்யாணம். பெண், மலையுச்சி ஊர்ச் செவ்வந்தி. பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் பெண்ணை அவள் தாய்மாமன் மகனுக்குக் கொடுத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். வழியில் பெரிய சேற்றுப்பள்ளம் வேறு. அதனால் பொன்னாங்கன் தன் பழைய ஜீப்பில் டிபரன்ஷியல் லாக் வைத்துக்கொண்டான்.

மெக்கானிக் ஜபருல்லா கியர் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியைக் காட்டினார். "சேத்துல ஒரு சக்கரம் வழுக்குனா இன்னொண்ணு சும்மா நின்னுக்கும். இதை இழு, ரெண்டும் ஒண்ணாச் சுத்தி ஏறிரும். ஆனா சேத்துல மட்டும்தான் லாக் இருக்கணும். தார் ரோட்டுக்குப் போனதும் விட்டுரு. இல்லேன்னா ஆக்சில் ஒடிஞ்சிரும்."

கல்யாணத்தன்று பள்ளம் வந்தது. பொன்னாங்கன் கம்பியை இழுத்தான். ஜீப் ஜம்மென்று ஏறியது. கூட வந்த ஒச்சுவும், தாலித்தட்டைப் பிடித்திருந்த காசிமாயனும் விசிலடித்தார்கள். ஆனால் தார் ரோட்டில் கம்பி திரும்ப மறுத்தது. மாப்பிள்ளை போன் போட்டான்.

"கொஞ்சம் பின்னாடி போயிட்டு வாங்கப்பா, தானா விட்டுரும்" என்றார் ஜபருல்லா.

மூவரும் இறங்கிப் பாலம் வரை பின்னாடி நடந்து போய்விட்டு வந்தார்கள். லாக் விடவில்லை.

"செருப்போட போனது தப்பு" என்றான் காசிமாயன். வெறுங்காலோடு போய் வந்தார்கள். அப்போதும் விடவில்லை.

ஒச்சு யோசித்தான். "மாப்ள, சேத்துல மட்டும்தான லாக் இருக்கணும்?"

"ஆமா."

"லாக் இருக்கு. சேறுதான் இல்ல."

பொன்னாங்கன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சீர் அண்டாவிலிருந்த முறுக்கைக் கொட்டிவிட்டு, பள்ளத்துச் சேற்றை அள்ளி வந்து ரோட்டில் பரப்பினார்கள். ஜீப் அதன்மேல் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் பரப்பினார்கள்.

பின்னால் வந்த பஸ் கண்டக்டர், "மாப்ள, ஏறிக்கய்யா. மண்டபத்துல எறக்கி விடுறேன்" என்று கெஞ்சினார்.

"சோலி கெடக்குண்ணே, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டான் மாப்பிள்ளை.

பஸ்காரர்கள் மண்டபத்தில் போய், "ஒங்க மாப்ள ரோட்டுக்குச் சேறு பூசுறாரு" என்றார்கள். செவ்வந்தி பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வந்ததும் ஜீப்பில் ஏறி, ஒரு முழம் ரிவர்ஸ் எடுத்தாள். 'டக்' என்று லாக் விட்டது. "ஏறுங்க, நேரமாச்சு!"

யாரும் ஏறவில்லை. "முன்னாடி பூராச் சேறு. லாக் இல்லாம எப்படிப் போறது?" என்றான் பொன்னாங்கன்.

"போட்டா மறுபடி விடாது" என்றான் காசிமாயன்.

"அப்ப ரோட்டைக் கழுவணும்" என்று ஒச்சு அண்டாவைத் தூக்கினான்.

செவ்வந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மணி பத்தேகால். தாய்மாமன் மகனை நினைத்துப் பார்த்தாள். அவனும் கோணமொட்டைக்காரன்தான்.

"தாலிய எடுங்க. இங்கேயே கட்டுங்க."

கணுக்கால் சேற்றில் நின்று பொன்னாங்கன் தாலி கட்டினான். ஒச்சு அண்டாவில் கெட்டிமேளம் தட்டினான். மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. உடனே ஒரு பயமும் வந்தது. போனை எடுத்தான்.

"அண்ணே, சேத்துல நின்னு மூணு முடிச்சுப் போட்டுட்டேன். தார் ரோட்டுக்குப் போனதும் விட்டுரணுமா?"

ஜபருல்லா போனை வைத்துவிட்டார்.

பதில் வராததால் அவளை வெறும் தார் ரோட்டில் இறக்க அவர்கள் துணியவில்லை. செவ்வந்தியை ஊருக்கு அழைத்துப் போகும் வழியெல்லாம் அவள் காலடிக்கு முன்னால் சேறு பரப்பிக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் பொன்னாங்கன் விடிந்ததும் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, சேறு காயாமல் பார்த்துக்கொள்கிறான். பின்னே, இருப்பது ஒரே பெண்டாட்டி.