சங்கரபாண்டி சொன்ன உண்மை

பாக்கியசீலிக்கு நடந்ததைக் கேளுங்கள், பிறகு நியாயம் சொல்லுங்கள். போதை மீட்பு ஆலோசகர் சான்றிதழுக்காக அவள் ஒரு மத்திய சிறையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சி கொடுத்தவர் தணிகாசலம். கைதி ஆலோசனை அறையில் பேசுவது அறையைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி.

அவளிடம் ஒப்படைக்கப்பட்ட சங்கரபாண்டி ஒரு கொத்தனார். குடிபோதையில் மைத்துனன் மண்டையை உடைத்துவிட்டு உள்ளே வந்தவன். ஆரம்பத்தில் வாயே திறக்கவில்லை. "நீங்க சொல்றது என்னோட இருக்கும், அண்ணே" என்று அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் மெல்லப் பேசினான்.

ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "போன வாரம் குடிச்சுட்டேன், மேடம். எவனோ பழத்தோலை ஊறப்போட்டு உள்ளேயே செஞ்சது. உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

அவன் தேறிவிடுவான் என்று அன்றுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அதே சமயம் ஊரில் அவன் தாய் சாகக் கிடந்தாள். பரோல் கேட்டு மனுப் போட்டான். சிறைக் கண்காணிப்பாளர் பாக்கியசீலியைக் கூப்பிட்டார். "குடியை விட்டுட்டானா? ஆமான்னா உடனே அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் துரோகம். தணிகாசலத்திடம் ஓடினாள்.

"வாயைத் திறக்காதம்மா. விதி உன்னைக் காப்பாத்தும்" என்றார் அவர்.

சாயங்காலம், "என்னால எதுவும் சொல்ல முடியாது, சார்" என்றாள்.

"அதுலயே தெரிஞ்சுபோச்சே" என்று கண்காணிப்பாளர் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அந்த வாரமே தாய் இறந்துபோனாள். சங்கரபாண்டி பாக்கியசீலியிடம் ஒன்றுதான் கேட்டான்: "நான் உங்ககிட்ட பொய் சொல்லியிருந்தா எங்கம்மா முகத்தைப் பார்த்திருப்பேன்ல?" அதன் பிறகு அவன் அந்த அறைப் பக்கம் வரவில்லை. விஷயம் பரவி, மற்றக் கைதிகளும் வாயை மூடிக்கொண்டார்கள். பாக்கியசீலிக்குச் சான்றிதழ் கிடைத்தது. ரகசியம் காத்ததற்குத் தனிப் பாராட்டும் கிடைத்தது.

உண்மையைச் சொன்னவன், விதியைக் காட்டியவர், வாய்மூடி நின்றவள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சங்கரபாண்டி செய்தது மட்டும்தான் சரி, தண்டனையும் அவனுக்கு மட்டும்தான். தணிகாசலம் காப்பாற்றியது தன் மாணவியை. பாக்கியசீலி வாக்கைக் காத்தாள், ஆனால் வாக்கு வாங்கியவனை மறந்துவிட்டாள். ரகசியம் அவனுடையது. சொல்லலாமா வேண்டாமா என்று அவனிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? குடித்ததை அவனே ஒப்புக்கொண்டு, போலீஸ் காவலோடாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருப்பான். அவன் அடைபட்டிருந்த அறை அவளுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.