படகுச் சபை

அந்த மலை ஆசிரமத்தில் மாலையானால் பனி இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது. அப்படி ஒரு மாலையில் பேராசிரியர் மருதவாணன் தடுமாறியபடி முற்றத்துக்கு வந்தார்.

"யாரு, பேராசிரியரா? கல்லு தடுக்கும், பாத்து உட்காருங்க." குரு தவமணியம்மாவின் குரல் அது. அவர் மருதவாணனைவிட வயதில் இளையவர். "நீங்க ஆய்வுக்குப் போன நாட்டுல ஜனநாயகம் எப்படி இருக்கு?"

"நல்லா இருந்துச்சும்மா. நான் போற வரைக்கும்."

அம்மா சிரித்தார். பனியே சிரித்ததுபோல் இருந்தது.

"அங்கே ஊர்ச்சபை ஏரியிலதான் கூடும்," என்றார் மருதவாணன். "விடியுற நேரம், பனிக்குள்ள. ஆளுக்கொரு படகு. குரல் மட்டும் தண்ணி மேல மிதந்து வரும். மருமக மாமனாரை மறுத்துப் பேசுவா. கூலிக்காரன் முதலாளியைக் கிண்டல் பண்ணுவான். கேட்டுக்கிட்டே இருந்தா நாம முழிச்சிருக்கோமா தூங்குறோமான்னே தெரியாது."

"குரலை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?"

"கண்டுபிடிப்பாங்க. ஆனா தெரியாத மாதிரி இருந்துக்குவாங்க. அங்கே அதுதான் மரியாதை."

"நல்ல மரியாதை. அப்புறம்?"

"யார் பேசினாலும் அதுக்குப் பொறுப்பேத்துக்கணும்னு சொன்னேன். பேசுறவங்க முகம் தெரியட்டும்னு படகுக்கு ஒரு விளக்கு வைக்கச் சொன்னேன். என் புத்தகத்துல அது முக்கியமான அத்தியாயம்மா."

"வச்சாங்களா?"

"வச்சாங்க. அதுக்கப்புறம் துடுப்புச் சத்தம் மட்டும்தான்."

எங்கோ ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. மருதவாணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த கூட்டத்துல ஏரி மதகை அடைச்சிடலாமான்னு கேக்கப் போறாங்க. அடைச்சா மேல்கரையில பெரிய விடுதி வரும். கீழே இருக்கிற வயலெல்லாம் காஞ்சுபோகும். யாரும் மறுக்கலைன்னா ஒப்புதல்னு எடுத்துக்கணும். அந்த விதியும் நான் எழுதிக் குடுத்ததுதான்."

"உங்களுக்கு என்ன தோணுது? அடைக்கலாமா?"

"அடைக்கவே கூடாதும்மா. அநியாயம் அது."

"அங்கே சொன்னீங்களா?"

"ஆய்வு பண்றவன் கருத்துச் சொல்லக் கூடாதே." குரல் வந்த பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "அதுவும் இல்லாம, அந்த விடுதிக்குப் பணம் போடுறதே என்னை அனுப்பின அறக்கட்டளைதான். நான் திரும்பிப் போகணும். கூட்டத்துல உட்காரணும். சொல்லுங்கம்மா, அவங்களைத் திரும்பப் பேச வைக்க என்ன வழி?"

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அம்மா அரிக்கேன் விளக்கை ஏற்றி மருதவாணனின் முகத்துக்கு நேரே வைத்தார். பனி மஞ்சளானது.

முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சாயங்காலப் பிரார்த்தனைக்கு வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள். இவ்வளவு நேரமும் அவர்களுக்கு நடுவில்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது மருதவாணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் கிருபாகரன் இருந்தார். அறக்கட்டளையின் சென்னை அலுவலகத்தை நடத்துபவர். மருதவாணனை முதன்முதலில் இந்த ஆசிரமத்துக்கு அழைத்து வந்ததும் அவர்தான்.

கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் காதில் விழாதவரைப் போல.

"பேராசிரியரே," என்றார் அம்மா. "மதகை அடைக்கலாமா?"

மருதவாணன் கண்ணாடியைக் கழற்றினார். அதில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். எல்லாரும் காத்திருந்தார்கள். ஓட்டு நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அம்மாவும் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, ஒப்புதல்னு எடுத்துக்கலாமா?"