மூடிக்குத் தடவிய கிரீஸ்

பாம்பைக் கண்டால் வரும் பயம் ஒரு வகை. கடிதத்தைப் படித்தால் வரும் பயம் இன்னொரு வகை. இதற்குத் தடியெடுத்தும் பயனில்லை. பேராசிரியர் கோதைநாயகிக்கு அந்தத் திங்கட்கிழமை வந்தது இரண்டாவது வகை. பொறுமையாகக் கேளுங்கள், கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கைகோக்க வைத்துக் கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் கட்டுவது கோதைநாயகியின் வேலை. பதினெட்டு வருடங்களுக்கு முன் கட்டிய ஒரு கூண்டு அவரை எங்கோ கொண்டுபோய் வைத்தது. தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் அந்தக் கூண்டு தானாகவே மூடி அதைப் பிடித்துக்கொள்ளும், வேறெதுவும் வேண்டாம் என்று கட்டுரை எழுதினார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. தினமும் காலையில் காபியோடு அந்த எண்ணைப் பார்ப்பார். ஒன்று கூடியிருந்தால் போதும், அன்றைக்குச் சட்னியில் உப்பில்லாவிட்டாலும் கோபம் வராது!

கட்டுரையில் இரண்டே பெயர்கள். கையால் சோதனை செய்தவர் அப்போது மாணவராக இருந்த அறவாழி. உட்கார்ந்து எழுதியவர் கோதைநாயகி.

கடிதம் எழுதியவள் வேறொரு ஊரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஹமீதா. "மேடம், உங்கள் கூண்டைப் பதினோரு தடவை செய்து பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட மூடவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாமே புதிது, குடுவை மூடிகூட பிளாஸ்டிக்தான், கிரீஸ் தடவும் வேலையே இல்லை. ஊருக்கெல்லாம் வருவது உனக்கு மட்டும் ஏன் வரவில்லை, உன் கைதான் சரியில்லை என்கிறார் என் வழிகாட்டி. வெள்ளிக்கிழமை என் ஆய்வைப் பரிசீலிக்கும் குழு கூடுகிறது. ஐந்து வருட ஆய்வை நிறுத்திவிடுவார்கள். நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்."

கிரீஸ் என்ற சொல்லில் கோதைநாயகியின் கண் நின்றது. கண்ணாடி மூடி குடுவையோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க எல்லோரும் தடவுவதுதான் அது. சமையல் குறிப்பில் கரண்டியை எழுதுவார்களா? அப்படித்தான், அதையும் யாரும் எழுதுவதில்லை.

செவ்வாய்க்கிழமை அவரே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கிரீஸ் இல்லாமல் செய்தார், கூண்டு மூடவில்லை. மூடியில் தாராளமாகத் தடவிச் செய்தார், அழகாக மூடியது. ஈயம் மட்டும் போதாது, கிரீஸும் கரைந்து உள்ளே இறங்க வேண்டும். பதினெட்டு வருடப் பேர் ஒரு விரல் மசகில் வழுக்கிக்கொண்டு போவதை நின்று பார்த்தார். ஐயோ, எல்லாம் போச்சே!

உடனே அறவாழிக்குப் போன் போட்டார். அறவாழி இப்போது வேறு ஊரில் பேராசிரியர்.

"அந்தக் காலத்துல மூடிக்கு கிரீஸ் எவ்வளவுப்பா தடவுவே?"

"எதுக்கு மேடம் கேக்கறீங்க?"

"பயப்படாம சொல்லு. உன் பேரை எங்கயும் இழுக்க மாட்டேன், சத்தியம்."

"அள்ளி அப்புவேன் மேடம். ஒரு தடவை மூடி இறுகி குடுவை உடைஞ்சப்ப நீங்க திட்டினீங்களே, அந்தப் பயம்தான்."

கோதைநாயகி விஷயத்தைச் சொன்னார். அறவாழி சத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க மேடம். கிரீஸ்னு வெளியே வந்தா யாரைக் கைகாட்டுவாங்க? பேர் ரெண்டுதானே இருக்கு?"

போனை வைத்த கோதைநாயகி கணக்குப் போட்டுப் பார்த்தார். தான் திட்டிய பயத்தில் அவர் அப்பினார். தான் அதை அறியாமல் எழுதியாயிற்று. தான் எழுதியதை நம்பி ஒரு பெண் வெள்ளிக்கிழமை தெருவில் நிற்கப் போகிறாள். புதன் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும். சத்தியத்தைக் காத்தால் ஹமீதா போவாள். தப்பு உண்மையில் யாருடையது? கோதைநாயகி என்ன செய்தால் சரி?

விடை: கிரீஸ் தடவுவது தப்பே இல்லை, உலகமே தடவுகிறது. குடுவைக்குள் என்னென்ன இருந்தது என்று கேட்காமலேயே "வேறெதுவும் வேண்டாம்" என்று எழுதியதுதான் தப்பு. எழுதியது ஒரே ஒரு கை. வியாழக்கிழமையே கோதைநாயகி அந்தக் குழுவுக்கும் கட்டுரை வந்த இதழுக்கும் எழுதினார்: "என் கூடத்தில் எல்லா மூடிக்கும் கிரீஸ் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் எழுதியவள் நான். ஹமீதாவின் கை சரியில்லை என்றார்களாம். எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமான கை அது." அறவாழியின் பெயரை அதில் எடுக்கவே இல்லை. ஹமீதாவின் ஆய்வு நிற்கவில்லை. அந்தக் கடிதம் இதழில் வந்ததிலிருந்து மேற்கோள் எண் நகரவே இல்லை; அடுத்த வருடம் ஒரு காலையில் அது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து ஆகியிருந்தது. திறந்தால் ஹமீதாவின் கட்டுரை: பழைய கட்டுரை எங்கே தவறியது என்று வரி வரியாகக் காட்டியிருந்தாள். கோதைநாயகியின் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் காபியைக் குடித்தார்.