பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

கல்லூத்துப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பேச்சித்தாய் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நாற்பது பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம்வரை ஏழுதான் ஏறியிருந்தது.

பள்ளித் தாளாளர் ஆவுடையப்பன், யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று வைஃபை பெட்டியைத் தன் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கோளாறே அதுதான் என்று அவள் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பா வாங்குன பீரோம்மா அது! அதத் தொடாம நெட்ட வேகமா வர வை. முடியலன்னா நாளைலேருந்து வேலைக்கு வராத."

பேச்சித்தாய் பணிவாகச் சொன்னாள்: "நான் தொடவே மாட்டேன் ஐயா. நீங்களே உங்க போன உள்ள வச்சு ஒரு நிமிஷம் பூட்டுங்க, போதும்."

"பூட்டுனா என்ன ஆயிரும்?" என்றபடி அவர் பூட்டினார்.

அவள் தன் போனில் அவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

"யாரு, நானா?" ஆவுடையப்பன் குதித்தார். "இங்கதான நிக்கேன்!"

"வைஃபையும் இங்கதான் ஐயா இருக்கு. நம்ம கம்ப்யூட்டருக்குத்தான் அது தெரிய மாட்டேங்கு."

சுற்றி நின்ற ஆசிரியர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாளாளருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரே பூட்டைத் திறந்து, பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்தார். பேச்சித்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விண்ணப்பங்கள் மளமளவென்று ஏறின.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் நாற்பதாவதும் போனது. "ஏறிருச்சு!" என்று முதலில் கத்தியவர் ஆவுடையப்பன்தான்.