ஆளவந்தார் வீட்டு ஏசி

ஆளவந்தார் எச்சில் கையால் காக்கா விரட்டாதவர். பின்போர்ஷனில் குடியிருந்த தையல்காரி பூங்கோதைக்குத் தனி மீட்டர் வைத்திருந்தார். முதலில் காசு போட்டால்தான் அதில் கரண்ட் வரும். ஒருமுறை அவள் மெயினை அணைத்துவிட்டு நாலு நாள் ஊருக்குப் போய் வந்தாள். மீட்டரில் இருநூறு ரூபாய் கரைந்திருந்தது. பூங்கோதை அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

காலி செய்யும்போது அட்வான்ஸைக் கேட்டாள்.

"குடிவந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஒப்படைக்கணும். இம்மி மாறியிருந்தாலும் சல்லிக்காசு கிடையாது."

"அப்படியே ஒப்படைக்கிறேன் சார்."

வெள்ளையடித்தாள், ஆணி அடித்த ஓட்டையெல்லாம் அடைத்தாள். மீட்டரில் மட்டும் காசு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆளவந்தார் ஹாலில் தெருச் சங்கக் கூட்டம். தலைவர் அவர்தான். "கம்பத்துல கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறவனைச் சும்மா விடக் கூடாது!" என்று முழங்கும்போது ஏசி நின்றது. பின்பக்கம் பாய்ந்தார். கூட்டமும் பின்னாலேயே வந்ததை அவர் பார்க்கவில்லை.

"ஏம்மா, மீட்டர்ல காசு போடலையா?"

"நான் வந்த அன்னைக்கு அதுல காசே இல்லையே சார். அதான் அப்படியே விட்டேன். ஆமா, என் மீட்டர்ல காசு தீர்ந்தா உங்க ஏசி எதுக்கு நிக்குது?"

அன்று சங்கத்தில் ஒரே தீர்மானம்தான் நிறைவேறியது: அட்வான்ஸை இப்போதே எண்ணிக் கொடுப்பது. முன்மொழிந்தது மொத்தத் தெரு. வழிமொழிந்தவர் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.